எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர்?

தோழர்களே, சிஸ்டர்களே, கிளினிக்கல் போஸ்டிங்குக்காக விடிவதற்கு முன்பே கல்லூரிப் பேருந்தில் ஏறும் தங்கைகளே, தம்பிகளே!

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். எத்தனை கூட்டமானாலும் நைட் முடித்து வருகிறவளை நமக்கு அடையாளம் தெரியும். கொண்டை கலைந்திருக்கும். செருப்பை இழுத்து இழுத்து நடப்பாள். பைக்குள் டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீடு திரும்பும். வண்டியில் உட்கார இடம் கிடைத்ததும் கண் செருகிவிடும். பெருங்களத்தூரில் இறங்க வேண்டியவள் சிங்கப்பெருமாள் கோயிலில் திடுக்கிட்டு விழிப்பாள். எதிர் வண்டி பிடித்து வீடு வந்தால் ஊறவைத்த துணி காத்திருக்கும், பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் ட்யூட்டி. சிங்கப்பெருமாள் கோயில் நடைமேடையில் அப்படி விழித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஒரு முறை இரண்டு முறை இல்லை, கணக்கு மறந்துபோகும் அளவுக்கு.

அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்த ஆஸ்பத்திரியை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்கப்படாத காலம். சுத்தமான காற்று, முழு ஓய்வு, நல்ல சாப்பாடு, இவற்றைத்தான் வைத்தியமாக எழுதிக் கொடுக்க முடிந்தது. 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக் கவனித்த இடமும் அதுதான். பெயரைக் கேட்டாலே மற்றவர்கள் விலகிப்போன நாட்களில் அந்த உடம்புகளைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, வாயில் கஞ்சி ஊற்றியது நம் மூத்த சிஸ்டர்களின் கை. ஓய்வால் உடம்பு தேறும் என்று நம்பி உண்டான ஊர் இது. அதே ஊரில் இன்று நோயாளியைத் தேற்றுகிறவளுக்குக் காற்றும் இல்லை, ஓய்வும் இல்லை, நேரத்துக்குச் சோறும் இல்லை. இது இப்படியே போகக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் பாருங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர், செங்கல்பட்டு. இந்தப் பக்கம் சேலையூர், மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை. அரசு மருத்துவமனைகள், பல்நோக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள், இருபது முப்பது கட்டில் உள்ள நர்சிங் ஹோம்கள், மருத்துவக் கல்லூரிகள், அவற்றோடு ஒட்டிய நர்சிங் கல்லூரிகள். திருவண்ணாமலையிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் படிக்க வந்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள் நம்மில் எவ்வளவோ பேர். ஒரே ரயிலில் போகிறோம், ஒரே தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருத்தி சம்பளம் இன்னொருத்திக்குத் தெரியாது. ஒருத்தி வார்டில் எத்தனை நோயாளி என்று அடுத்த ஆஸ்பத்திரிக்காரிக்குத் தெரியாது. நம்மைத் தனித்தனியாக நிறுத்திவைத்திருப்பது இந்தத் தெரியாமைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் மனவலிமைப் பயிற்சி என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். தொடர்ந்து இரண்டு நைட் முடித்தவர்களை வீட்டுக்கு விடாமல் செமினார் ஹாலில் உட்காரவைத்தார்கள். வந்தவர் நல்ல மனிதர், நல்லெண்ணத்தோடுதான் பேசினார். மூச்சை ஆழமாக இழுங்கள், நேர்மறையாக யோசியுங்கள், நாணலைப் போல வளைந்து கொடுங்கள் என்றார். என் பக்கத்தில் இருந்த பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது அந்தத் தூக்கம்தான். அதைப் பறித்துத்தான் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

யோகாவையும் மூச்சுப்பயிற்சியையும் நான் குறை சொல்லவில்லை. நானே செய்கிறேன், பலன் உண்டு. ஆனால் ஐந்து பேர் சுமக்க வேண்டிய சுமையை ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு, அவள் தள்ளாடும்போது உனக்கு மனவலிமை போதவில்லை என்று சொல்வது அநியாயம். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் ‘பர்ன் அவுட்’ என்பதை எப்படி எழுதியது தெரியுமா? அதை ஒரு நோயாகவே எழுதவில்லை. வேலையிடத்தில் சரிசெய்யப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தால் வரும் நிலை என்று எழுதியது. உடம்பு ஓய்ந்துபோவது, வேலை மீதே மனம் மரத்துப்போவது, எதைச் செய்தும் பயனில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றையும் அதற்கு அடையாளமாகச் சொன்னது. வேர் வேலையிடத்தில் இருக்கிறது. வைத்தியத்தையும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த வேரின் பெயர் ஆள் பற்றாக்குறை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் என்ற செவிலியப் பேராசிரியரும் அவருடைய குழுவும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அந்த நர்ஸ் மனம் வெந்து சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். நம் உடம்பும் நோயாளி உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. நமக்கு ஆள் கேட்பது நமக்காக மட்டும் கேட்பது இல்லை. நாளைக்கு அந்தக் கட்டிலில் படுக்கப்போவது நம் அம்மாவாகவும் இருக்கலாம்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் நமக்குப் படிக்கும்போதே சொல்லித்தரப்பட்டது. தேர்விலும் எழுதினோம். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர். அதற்கு மேல் விடுப்பு, உடம்பு சரியில்லாத நாட்கள் ஆகியவற்றை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் ஆள். பரீட்சைத் தாளில் மதிப்பெண் வாங்கிக் கொடுத்த இந்த விடையை வார்டில் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நைட்டில் இருபது கட்டில், முப்பது கட்டில் என்று ஒருத்தியாக நின்றவர்கள் கை தூக்குங்கள். எந்தப் பக்கம் அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

கலிபோர்னியா மாநிலம் இந்த விகிதத்தைச் சட்டமாகவே போட்டு 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் வரப் போராடியவர்களில் முன்னால் நின்றவர்கள் அங்கிருந்த நர்ஸ்களின் சங்கத்தார்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றிச் சரியாக நூறு ஆண்டு ஆகியிருந்தது அன்று. அந்தத் தொழிலாளர்களை நான் தலைவணங்கிப் பாராட்டுகிறேன். நம்மை நினைத்துப் பார்க்கிறேன். எந்த மசோதாவும் இல்லாமல், எந்த விவாதமும் இல்லாமல், பன்னிரண்டு மணி நேர நைட் நம் ரோஸ்டரில் எத்தனை காலமாக இருக்கிறது! ஹேண்ட் ஓவர் கொடுத்து, கேஸ் ஷீட் முடித்து, மருந்துக் கணக்கு ஒப்படைத்து வெளியே வரும்போது பதின்மூன்றாகிவிடும். அடுத்த ஷிஃப்ட் ஆள் வரவில்லையென்றால் டபுள் ட்யூட்டி. துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அதுவும் அந்தப் பெண்கள் வாயைத் திறந்து கேட்டதால் வந்தது.

இரவு வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007இலும் மறுபடி 2019இலும் ஆராய்ந்து, இரவு ஷிஃப்ட் வேலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியிருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நைட் யாராவது பார்த்தே ஆக வேண்டும். நோயாளிக்கு ராத்திரி கிடையாது. ஆனால் வரிசையாக எத்தனை நைட், அதற்குப் பிறகு எத்தனை நாள் ஆஃப், நடுராத்திரியில் கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட ஆள் மாற்றி விடுவார்களா, கர்ப்பிணியை நைட்டுக்குப் போடலாமா என்பவையெல்லாம் இன்சார்ஜின் மனநிலையைப் பொறுத்திருக்கக் கூடாது. எழுத்தில் இருக்க வேண்டும்.

சம்பளம் பற்றிப் பேசாமல் மனநலம் பற்றிப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு சொன்னதை ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 200 கட்டிலுக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 100க்கு மேல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 கட்டிலுக்குக் கீழே உள்ள சின்ன இடமானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. விடுப்பு, வேலை நேரம், மருத்துவ வசதி, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவை அரசு ஊழியருக்கு உள்ளபடி. இதைப் படித்துவிட்டு உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் என்று எண்ணுங்கள். பத்து ஆண்டு ஆகிறது. குழு சொன்ன அந்தச் சம்பளம் உங்கள் சீட்டில் வந்துவிட்டதா?

கேரளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2011இல் உருவான யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் ஊர் ஊராக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஆள் சேர்த்தது. 2018 ஏப்ரலில் அந்த மாநில அரசு தனியார் நர்ஸ்களுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவிக்கை வெளியிட்டது. நீதிமன்றத்தின் குழு சொன்னது இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றவர்களுக்குக் கிடைத்தது.

நம் தமிழ்நாட்டுத் தோழிகளும் நின்றிருக்கிறார்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு காற்றில் போனதும் 2017 நவம்பர் இறுதியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடி இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். கொரோனாவில் ஒப்பந்தத்துக்கு எடுக்கப்பட்டு, மக்கள் கை தட்டிய சத்தம் காதில் மறையும் முன்னே 2022 டிசம்பர் 31 அன்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2025 டிசம்பரில் சிவானந்தா சாலையில் தொடங்கிய ஒப்பந்தச் செவிலியர் போராட்டம் நம் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வரை வந்தது. நம் வாசலுக்கே வந்தது. அன்று தண்ணீர் பாட்டிலோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு. அரசு நர்ஸ் பிரச்சினை நமக்கென்ன என்று பஸ் மாறிப் போனவர்களும் உண்டு. இனி அப்படிப் போகக் கூடாது. அரசில் தொகுப்பூதியம் நீடிக்கும் வரை தனியாரில் நம் சம்பளம் ஏறாது.

இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் பேச வேண்டும்.

தங்கச்சி, நீ ஊரிலிருந்து வந்து முதல் மாதமே ஆங்கிலத்தில் அனாட்டமி புத்தகத்தைத் திறந்து இரவெல்லாம் அழுதிருப்பாய். பதினெட்டு வயதில் முதல் மரணத்தைப் பார்த்திருப்பாய். அந்த உடம்பைத் துடைத்துக் கட்டியிருப்பாய். மறுநாள் காலை ரெக்கார்டு ஏன் முடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருப்பாய். நேற்று ராத்திரி உனக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டார்களா? என் காலத்தில் என்னை யாரும் கேட்கவில்லை. என் கண் முன் முதலில் இறந்த தாத்தாவின் முகம் இன்னமும் எனக்கு நினைவில் இருக்கிறது. அன்று என் சீனியர் ஒருத்தி இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இத்தனை ஆண்டு நான் அதைத் தனியாகச் சுமந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே சீனியர்களுக்குச் சொல்கிறேன்: வார்டில் ஒரு மாணவி முதல் மரணத்தைப் பார்த்தால், அன்றைக்கு ஷிஃப்ட் முடிவதற்குள் அவள் பக்கத்தில் உட்காருங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். இதற்கு எந்த மேனேஜ்மெண்டின் அனுமதியும் தேவையில்லை.

மாணவியை ஸ்டாஃப் எண்ணிக்கையில் சேர்த்து ரோஸ்டர் போடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். போஸ்டிங்குக்கு வந்த பிள்ளைகள் படிக்க வந்தவர்கள். பற்றாக்குறையை அவர்களை வைத்து மூடினால், அவர்களுக்கும் படிப்பு போகிறது, நமக்கும் வர வேண்டிய ஆள் வராமல் போகிறது. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பூட்டிவைத்துக்கொண்டு பாண்டு காட்டி மிரட்டும் இடங்களும் உண்டு. சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை, கட்டணத்துக்கு ஈடாக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகளைக் கண்டித்திருக்கிறது. இதை உங்கள் அப்பா அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். பயத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவர்கள்தான்.

ராகிங் பற்றி ஒரு வார்த்தை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996இல் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்து சட்டம் போட்டது. நர்சிங் கல்லூரிக்கும் அதே சட்டம்தான். நான் பட்டேன், நீயும் படு என்று ஜூனியரை நிற்கவைக்கிற சீனியரும், இருபது ஆண்டு சர்வீஸ் போட்ட பிறகும் புதுப் பெண்ணை நோயாளி முன்னால் திட்டுகிற இன்சார்ஜும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பாடம் நம்மோடு முடியட்டும். மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்கும் முன் நம் கைக்குள் இருக்கிற இதை நிறுத்துவோம். இதில் நானும் குற்றவாளிதான். என் கோபத்தைத் தாங்கிய ஜூனியர்களிடம் இந்த எழுத்திலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றை மெதுவாகச் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இனி முடியாது என்று நினைக்கிறவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உன்னிடம்தான் பேசுகிறேன். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் சிநேகா என்ற அமைப்பு இதற்கென்றே இயங்குகிறது. மனநல மருத்துவரைப் பார்ப்பது வெட்கமில்லை. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிற கை நம்முடையது, மனதுக்கு மருந்து எடுப்பதில் என்ன குறை? அறைத்தோழி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றால், திடீரெனத் தன் பொருட்களை எல்லாருக்கும் கொடுக்கிறாள் என்றால், நேராகக் கேளுங்கள்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். கேட்பது காப்பாற்றும். அவளைத் தனியாக விடாதீர்கள்.

தாங்கும் சக்தி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது மும்பை கே.இ.எம். மருத்துவமனை. 1973 நவம்பர் 27 அன்று அங்கே பணியில் இருந்த நர்ஸ் அருணா ஷான்பாக், உடன் வேலை பார்த்த ஆண் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். நினைவு திரும்பவே இல்லை. 2015 மே மாதம் அவர் இறக்கும் வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையின் நர்ஸ்கள் தலைமுறை மாறித் தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்துக் காத்தார்கள். அவரை முகம் பார்த்துப் பேசியறியாத பெண்கள்கூடத் தங்கள் ஷிஃப்டில் அவரைத் தங்கள் அக்காவாக ஏற்றுக்கொண்டார்கள். தனியொருத்தி அத்தனை ஆண்டு தாங்கியிருக்க முடியாது. பொறுப்பு கை மாறிக்கொண்டே இருந்ததால் தாங்கினார்கள். அருணாவுக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது என்பதற்கும் நாமேதான் பொறுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013இன் சட்டம். உங்கள் இடத்தில் அந்தக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். பெயர்ப் பலகை இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். வார்டுக்குள் புகுந்து நம்மை அடிக்கிறவர்களுக்கு 2008இன் தமிழ்நாட்டுச் சட்டப்படி மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை. சமாதானமாகப் போய்விடு என்று யார் சொன்னாலும் புகாரை எழுதிக் கொடுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. நம்மில் எத்தனை பேர் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம்!

வெள்ளம் வந்தால் நாம் நீந்தி வருவோம் என்று இந்த ஊருக்குத் தெரியும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது மாற்று ஆள் வர வழியில்லாமல் மூன்று நாள் தொடர்ந்து வார்டிலேயே இருந்தேன். என் வீட்டிலும் தண்ணீர். 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் அப்படியே. 2021 மே மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் உயிர் போனபோது கட்டிலுக்குக் கட்டில் ஓடியவர்கள் நம் தோழிகள். அந்த இரவைப் பற்றி இன்னும் பேச முடியாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். பேரிடர் வந்தால் நாம் ஓடிப்போக மாட்டோம். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஆண்டின் 365 நாளையும் நமக்குப் பேரிடராக்குவதைத்தான் எதிர்க்கிறோம்.

ஆகவே இதைச் செய்வோம்.

ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள், சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவுக்கு. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஒரே வரி எழுதுங்கள். எந்த நோயாளியின் பெயரும் கூடாது, கேஸ் விவரமும் கூடாது. தேதி, ஷிஃப்ட், வார்டு, கட்டில் எண்ணிக்கை, எத்தனை நர்ஸ், உட்கார்ந்து சாப்பிட்டோமா, எத்தனை மணிக்கு வெளியே வந்தோம். அவ்வளவுதான். ரத்த அழுத்தத்தை மணிக்கு ஒருமுறை எழுதுகிறவர்கள் நாம். நம் அழுத்தத்தையும் ஒரு நாளைக்கு ஒருமுறை எழுதுவோம். புலம்பலை ஒதுக்கித்தள்ளுகிறவர்களால் கணக்கை ஒதுக்கித்தள்ள முடியாது.

ஐந்து பேராகச் சேருங்கள். அதே ரயிலில் வருகிறவர், அதே ஹாஸ்டல், அதே தெரு, எதுவானாலும் சரி. அரசு, தனியார், ஒப்பந்தம், மாணவி, ஆண் நர்ஸ் என்று பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்காருங்கள். நோட்டுகளைச் சேர்த்து வாசியுங்கள். சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். அந்த வாரம் யார் அதிகம் சோர்ந்திருக்கிறார் என்று பாருங்கள், அவர் வீட்டுக்கு ஒருவர் போங்கள். ஏற்கெனவே சங்கம் இருக்கிற இடத்தில் சங்கத்தில் சேருங்கள். இல்லாத இடத்தில் இந்த ஐந்து பேர்தான் சங்கத்தின் விதை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் இருந்தது. தனியாகக் கேட்டால் அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் யாரும் தனியாகக் கேட்க வேண்டாம் என்கிறேன்.

மே 12 வரும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். ரோஜாவும் கேக்கும் மெழுகுவத்தியும் வரும். அந்த அம்மையார் விளக்கேந்தியதை மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கிரீமியப் போரில் எத்தனை வீரர்கள் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் அழுக்கால், காய்ச்சலால் செத்தார்கள் என்று மாதம் மாதம் எண்ணி, படம் வரைந்து, அதிகாரத்தில் இருந்தவர்கள் முன் வைத்தவரும் அவர்தான். இந்த மே 12 அன்று நாமும் எண்ணியதைக் கொண்டுபோய் வைப்போம். ஒவ்வொரு மருத்துவமனையிலும் அந்தந்த நோட்டுகளின் மொத்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கையில் கொடுப்போம். பிரதியைத் தொழிலாளர் துறைக்கும் நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புவோம். கேட்பது மூன்றே: விகிதப்படி ஆள், எழுத்தில் உள்ள வேலை நேரமும் ஓய்வும், உச்ச நீதிமன்றக் குழு சொன்ன சம்பளம். அன்றைக்கும் ஒரு நோயாளிக்குக்கூட ஊசி தவறக் கூடாது, ட்ரிப்ஸ் தீர்ந்து நிற்கக் கூடாது.

இன்று நைட்டுக்குப் போகிறவர்கள் இன்றே தொடங்குங்கள். தேதி எழுதுங்கள். ஷிஃப்ட் எழுதுங்கள். கட்டில் எத்தனை, நாம் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.